இயந்திரப் பராமரிப்பின்போது நேரும் காயங்கள்: முதலுதவி, சிகிச்சை, தொழிலாளரின் உரிமைகள்

பராமரிப்புப் பணி என்பது பழுது பார்ப்பதை மட்டும் குறிப்பதன்று. இயந்திரத்தைத் துடைத்தல், எண்ணெய் அல்லது கிரீஸ் இடுதல், உருளையில் சுற்றிக்கொண்ட பஞ்சை எடுத்தல், சிக்கிய தகட்டை அகற்றுதல், டை மாற்றுதல், பெல்ட்டை இறுக்குதல், பழுது நீக்கியபின் ஓட்டிப் பார்த்தல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். இப்பணிகளின்போது கை நசுங்குதல், விரல் துண்டாதல், தோல் உரிதல், கண்ணில் துகள் பாய்தல், எலும்பு முறிதல், மின்தாக்கு முதலியன நேரலாம்.

விபத்து நிகழ்ந்த முதல் சில மணி நேரத்திற்குள் இரண்டு செய்திகள் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. ஒன்று, விரலோ கையோ காப்பாற்றப்படுமா என்பது. மற்றொன்று, காயம் எவ்வாறு ஏற்பட்டது என்று மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்படுவது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பதறுகின்றனர். இரண்டாவதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொழிலாளருக்குச் சேர வேண்டிய இழப்பீடு பிற்காலத்தில் தடைப்படுவதற்கு அந்தப் பதிவே பல நேரங்களில் காரணமாகிறது. எனவே இப்பக்கத்தில் இரண்டும் சேர்த்தே விளக்கப்படுகின்றன.

பராமரிப்பு நேரம் ஏன் ஆபத்தானது?

உற்பத்தி நடக்கும்போது இயந்திரத்தின் காப்புத் தடுப்புகள் அதனதன் இடத்தில் இருக்கும். தொழிலாளியின் கை வெளியே இருக்கும். பராமரிப்பின்போது தடுப்பு கழற்றப்படுகிறது. வழக்கமாகச் செல்லாத இடத்திற்குக் கை செல்கிறது. சில நேரங்களில் தலையும் உடலும்கூட உள்ளே செல்கின்றன. உள்ளே ஒருவர் இருப்பதை அறியாத இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிடுவது இத்தகைய விபத்துகளில் அடிக்கடி கேட்கும் காரணம்.

சுவிட்சை அணைத்தால் இயந்திரம் நின்றுவிட்டது என்று பொருளாகாது. பவர் பிரஸ்ஸின் கனத்த சக்கரம் மின்சாரம் நின்ற பின்னும் சுழன்றுகொண்டிருக்கும். நூற்பாலையின் கார்டிங் இயந்திரத்திலுள்ள பெரிய உருளை நிற்பதற்கு நேரம் பிடிக்கும். காற்றழுத்தக் குழாயிலும் ஹைட்ராலிக் குழாயிலும் அழுத்தம் தேங்கியிருக்கும். மேலே தூக்கி நிறுத்திய டை, தாங்கல் இல்லாவிடில் தன் எடையாலேயே இறங்கும்.

ஆகவே மெயின் இணைப்பைத் துண்டித்து, அந்த இடத்தில் பூட்டுப் போட்டு, சாவியைப் பணி செய்பவரே வைத்துக்கொண்டு, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டையைத் தொங்கவிட்டு, தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றி, பின்னர் ஒருமுறை சுவிட்சைப் போட்டு இயந்திரம் ஓடவில்லை என்பதை உறுதி செய்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். இதற்கான பூட்டும் பயிற்சியும் அளிப்பது தொழிலக உரிமையாளரின் கடமை. ஓடும் இயந்திரத்தின் பாகங்களைச் சோதிக்கவும் எண்ணெயிடவும் வேண்டியிருந்தால், அதற்கெனப் பயிற்சி பெற்றவரே இறுக்கமான ஆடை அணிந்து அதனைச் செய்ய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22ஆம் பிரிவில் விதித்தது. நேற்றுச் சேர்ந்த ஹெல்ப்பரிடம் துணியைக் கொடுத்து ‘ஓடும்போதே துடைத்துவிடு’ என்பது எக்காலத்திலும் சட்டத்திற்கு உட்பட்டதாக இருந்ததில்லை.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியவை

முதலில் மெயின் இணைப்பை அணையுங்கள். சிக்கிய கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பதற்றத்தில் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுவதும் தவறு. கை இரண்டாம் முறை நசுங்கும். அந்த இயந்திரத்தின் அமைப்பை அறிந்த ஃபிட்டரை அழைத்து, உருளைகளைத் தளர்த்தியோ பாகத்தைக் கழற்றியோ கையை விடுவிக்க வேண்டும். மின்தாக்கு என்றால் இணைப்பு துண்டிக்கப்படும் வரை பாதிக்கப்பட்டவரைத் தொடக் கூடாது. ஒருவர் 108ஐ அழைக்கும்போது, எந்த உறுப்பில் காயம், உறுப்பு துண்டானதா, ஆள் நினைவுடன் உள்ளாரா என்பவற்றையும் சொல்வது நல்லது.

இரத்தம் வழியும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காயமடைந்த கையை இதயத்தைவிட உயரமாகத் தூக்கி வையுங்கள். பெரும்பாலான காயங்களில் இவ்வளவே போதும். அழுத்தியும் நிற்காமல் இரத்தம் பீறிட்டால் மட்டும், காயத்திற்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின் மீது படாமல், அகலமான துணிப்பட்டையால் இரத்தம் நிற்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். வழியில் அவிழ்க்க வேண்டாம். மெல்லிய கயிறு, கம்பி, ரப்பர் பேண்ட் ஆகியவற்றால் கட்டினால் நரம்பும் தசையும் அறுபடும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் ஏறுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். குத்தி நிற்கும் கம்பியையோ தகட்டையோ பிடுங்காமல் அசையாதவாறு சுற்றிக் கட்டுங்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள், கிரீஸ், மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் இடக் கூடாது. மண்ணெண்ணெய் கொண்டு எண்ணெய்க் கறையைக் கழுவி அழைத்து வரும் வழக்கம் பட்டறைகளில் இன்றும் உள்ளது. அது திசுக்களை மேலும் கெடுக்கிறது. மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய நேரிடலாம் என்பதால், சோடா, காப்பி, உணவு எதுவும் கொடுக்க வேண்டாம்.

துண்டான விரலை எவ்வாறு கொண்டு வருவது?

துண்டான பகுதியைத் தேடி எடுத்து வாருங்கள். அது நசுங்கி, கறுத்து, பயனற்றதாகத் தோன்றினாலும் விட்டுவிட வேண்டாம். மீண்டும் பொருத்த இயலாத விரலிலிருந்தும் தோலையோ எலும்பையோ எடுத்து வேறிடத்தில் பயன்படுத்த இயலலாம். அதைத் தீர்மானிப்பது அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை.

துண்டை உப்பு நீரில் (சலைன்) அல்லது சுத்தமான குடிநீரில் மெதுவாக அலசி அழுக்கை மட்டும் நீக்குங்கள், தேய்க்காதீர்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை, பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த மற்றொரு பையிலோ பாத்திரத்திலோ வையுங்கள். பனிக்கட்டி துண்டின் மீது நேரடியாகப் படக் கூடாது. பட்டால் உறைந்து செல்கள் இறந்துவிடும். பனிக்கட்டி அருகிலுள்ள ஜூஸ் கடையிலேயே கிடைக்கும். அதற்காக வெகுதூரம் அலைய வேண்டாம்.

விரலில் தசை மிகக் குறைவு. எனவே குளிர்விக்கப்படாத விரல் ஏறத்தாழ 12 மணி நேரம் வரையிலும், முறையாகக் குளிர்விக்கப்பட்டது 24 மணி நேரம் வரையிலும் பொருத்துவதற்கு ஏற்றதாக இருக்கலாம். மணிக்கட்டுக்கு மேல் கை துண்டானால் நிலைமை வேறு. தசை நிறைந்த பகுதி குளிர்விக்கப்படாவிட்டால் 6 மணி நேரத்திற்குள் கெடத் தொடங்கும். இவை உச்ச வரம்புகளே; அவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கொள்ள வேண்டாம்.

எல்லா மருத்துவமனைகளிலும் இந்த அறுவை சிகிச்சை இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறைகளில் இதற்கு ஆலோசனை பெறலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை இதில் நெடுங்கால அனுபவம் உடையது. முதலில் சேர்க்கப்பட்ட இடத்திலேயே, ‘மீண்டும் பொருத்தும் வசதி எங்குள்ளது?’ என்று கேளுங்கள். இரத்தப் போக்கை நிறுத்தி, முதல் சிகிச்சை அளித்த பின்னர் அவர்களே அனுப்பி வைப்பார்கள். பொருத்திய பின் சில வாரங்களுக்கு நோயாளி பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொடக் கூடாது. நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பொருத்திய விரலைச் சாகச் செய்யும். நோயாளியின் அருகில் அமர்ந்து மற்றவர்கள் புகைப்பதும் கூடாது.

சிறிதாகத் தோன்றி ஏமாற்றும் காயங்கள்

கிரீஸ் துப்பாக்கி, பெயின்ட் தெளிப்பான், ஹைட்ராலிக் குழாய் ஆகியவற்றிலிருந்து உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய், ஊசி குத்தியது போன்ற ஒரு துளை வழியாக விரலுக்குள் புகுந்துவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். முதல் ஒரு மணி நேரம் வலிகூட அதிகம் இராது. ஆனால் எண்ணெயோ பெயின்ட்டோ தசைநாண் உறை வழியே உள்ளங்கை வரை பரவி, திசுக்களை அழிக்கத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்திற்குள் கையைத் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரிடலாம். டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய இத்தகைய நோயாளி, மறுநாள் வீங்கி விறைத்த கையுடன் வருவது மருத்துவருக்கு மிகுந்த வருத்தம் தரும் காட்சி. கசியும் குழாயில் ஓட்டை எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அட்டையை வைத்துப் பாருங்கள். துளை சிறிதாயினும், ‘அழுத்தத்துடன் எண்ணெய் பாய்ந்தது’ என்ற சொற்களை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

உருளைகளுக்கிடையே நசுங்கிய கையில் தோல் கிழியாமல் இருக்கலாம். எனினும் உள்ளே வீக்கம் ஏறி, தசைகளுக்கு இரத்தம் செல்வது தடைப்படலாம். காயத்திற்குப் பொருந்தாத கடும் வலி, விரலை மெல்ல நீட்டினாலே தாங்க முடியாத வேதனை, மரத்துப்போதல், கை கல் போல் இறுகுதல் ஆகியவை தோன்றினால், ஏற்கெனவே கட்டுப் போட்டு அனுப்பியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். காலை வரை காத்திருக்கக் கூடாது.

சாணை பிடிக்கும்போது கண்ணில் துகள் பாய்ந்தால் தேய்க்க வேண்டாம். கண் மீது அழுத்தம் படாதபடி ஒரு காகிதக் கோப்பையால் மூடி அழைத்து வாருங்கள். உடன் பணிபுரிபவர் கைக்குட்டை முனையால் எடுத்துவிடும் வழக்கம் பார்வையைப் பறிக்கக்கூடியது.

மருத்துவமனையில் என்ன சொல்வது, எதைக் கேட்டுப் பெறுவது?

விபத்தில் காயமடைந்து வருபவருக்கு அவசர சிகிச்சை அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்றும், காவல்துறை நடைமுறைகளுக்காக அதனைத் தாமதப்படுத்தக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே ‘போலீசுக்குச் சொன்னால்தான் பார்ப்பார்கள்’ என்றோ, ‘சொன்னால் பார்க்க மாட்டார்கள்’ என்றோ அஞ்ச வேண்டியதில்லை.

காயத்தின் காரணம் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். என வழங்குவது) எழுதப்படும். இதில்தான் இடர் உள்ளது. அடிபட்டவர் வலியில் துடித்துக்கொண்டிருப்பார். பதில் சொல்பவர் உடன் வந்த மேஸ்திரியோ சூப்பர்வைசரோ ஆக இருப்பார். ‘வீட்டில் கதவில் நசுங்கியது’, ‘வண்டியிலிருந்து விழுந்தார்’ என்று சொல்லப்படுவது அரிதன்று. சிகிச்சைச் செலவை நிர்வாகமே ஏற்கும், பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று இரக்கத்தோடும் சொல்லப்படும். அந்த ஒரு வரி பதிவாகிவிட்டால், அது பணியில் நேர்ந்த காயம் என்பதைப் பின்னர் நிறுவும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது.

உண்மையைச் சொல்லுங்கள். நாள், நேரம், தொழிலகத்தின் பெயரும் ஊரும், எந்த இயந்திரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யார் சொல்லிச் செய்தீர்கள், அழைத்து வந்தவர் யார் என்பவை பதிவாக வேண்டும். நோயாளி நினைவுடன் இருந்தால் அவர் வாயாலேயே கேட்டு எழுதும்படி பராமரிப்பவர் மருத்துவரை வேண்டலாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லலாம். இதனை எந்த மருத்துவரும் தவறாகக் கொள்ள மாட்டார். தவறான காரணம் ஏற்கெனவே பதிவாகிவிட்டால், அதனை அடித்துத் திருத்த இயலாது. ஆனால் நோயாளியின் வாக்குமூலத்தை அன்றைய தேதியிட்டு மருத்துவக் குறிப்பில் தனியாகச் சேர்க்கும்படி எழுத்து மூலம் கோரலாம். எவ்வளவு விரைவாகக் கோருகிறீர்களோ அவ்வளவுக்கு அதற்கு மதிப்பு.

மற்றொரு நுட்பமான செய்தி, விரலின் பெயர். ‘இரண்டாவது விரல்’ என்று எழுதினால், கட்டை விரலிலிருந்து எண்ணினார்களா, ஆள்காட்டி விரலிலிருந்து எண்ணினார்களா என்ற ஐயம் எழும். வலது அல்லது இடது கை, விரலின் பெயர், எந்த மூட்டில் துண்டானது, எலும்பு போயிற்றா, நுனிச் சதை மட்டும் போயிற்றா என்பவை தெளிவாக இருக்க வேண்டும். இழப்பீட்டு அட்டவணை விரலுக்கு விரல், மூட்டுக்கு மூட்டு வேறுபடுகிறது என்பதைக் கீழே காணலாம். எக்ஸ்ரே படம், வெளியேறும் சுருக்கம், காயச் சான்றிதழ், மருந்து ரசீதுகள் ஆகியவற்றைப் பாதுகாத்து, ஒவ்வொன்றையும் கைப்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள்.

‘என் கவனக்குறைவுதானே?’

மருத்துவமனைப் படுக்கையில் தொழிலாளர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இது. சட்டம் இவ்வாறு பார்ப்பதில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு. யாருடைய தவறு என்பது கேள்வியே அன்று. ஒரு கணம் கவனம் சிதறியது உங்கள் உரிமையை அழிக்காது.

விதிவிலக்குகள் சில உள்ளன: மது அல்லது போதையின் ஆதிக்கத்தில் இருந்ததால் விபத்து நேர்ந்தது; பாதுகாப்புக்கென வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியது; காப்புத் தடுப்பைத் தெரிந்தே, வேண்டுமென்றே அகற்றியது. இவற்றை எடுத்துச் சொல்லும் உரிமையாளரே மெய்ப்பிக்கவும் வேண்டும். பராமரிப்பு வேலையில் மூன்றாவது காரணமே அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் பழுது பார்ப்பதற்காகத் தடுப்பைக் கழற்றுவது அந்த வேலையின் பகுதி. மேற்பார்வையாளர் சொல்லிக் கழற்றியது வேண்டுமென்றே மீறியதாகாது. மேலும், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இந்த விதிவிலக்குகள் எவையும் பொருந்தா.

இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள்

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தொழிலகங்களில், மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். பணியில் நேர்ந்த காயத்திற்கு இவ்வளவு நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் பயன் உண்டு. உரிமையாளர் பதிவு செய்யத் தவறியிருந்தாலும் கிளை அலுவலகத்தில் முறையிடுங்கள். தொழிலாளிக்குப் பயனை வழங்கிவிட்டு, தவறிய உரிமையாளரிடம் அத்தொகையை வசூலிக்கக் கழகத்திற்குச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது.

விபத்து நாளை நீக்கி மூன்று நாட்களுக்குக் குறையாமல் வேலைக்குச் செல்ல இயலாவிடில், மருத்துவர் சான்றளிக்கும் காலம் முழுவதும் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு தற்காலிக ஊன உதவியாகக் கிடைக்கும். நிரந்தரக் குறைபாடு தங்கிவிட்டால், மருத்துவக் குழு வருவாய் ஈட்டும் திறனில் எவ்வளவு இழப்பு என்று மதிப்பிடும்; அதற்கேற்ற தொகை வாழ்நாள் முழுவதும் வழங்கப்படும். செயற்கை உறுப்பும் இத்திட்டத்தில் அடங்கும். தற்காலிக ஊன உதவி பெறும் காலத்தில் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்யக் கூடாது. விபத்து, தொழிலகத்தின் விபத்துப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, அறிக்கையாகக் கிளை அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டதா என்பதை முதல் வாரத்திலேயே உறுதி செய்யுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்

சிறு பட்டறை, மாவு மில், கரும்புச் சாறு ஆலை, ஒப்பந்தப் பணி ஆகியவற்றில் உள்ளோர் பலர் இவ்வகையினர். இவர்களுக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு நேரடியாக உரிமையாளருடையது. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு அடிப்படையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது; இழப்பீட்டைக் கணக்கிடும் அடிப்படை முறை அதிலும் தொடர்கிறது. ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவர், யாருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ அந்த முதன்மை உரிமையாளரிடமே கோரலாம்.

நிரந்தர முழு ஊனத்திற்கு, மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வரும் தொகை கணக்கிடப்படும். மரணத்திற்கு 50 விழுக்காடு. கணக்கில் கொள்ளும் ஊதியத்திற்கு ஒன்றிய அரசு உச்சவரம்பு அறிவிக்கிறது. 2020 ஜனவரி 3 முதல் அது ரூ.15,000 என இருந்தது. பகுதி ஊனம் என்றால் முழுத் தொகையில் அட்டவணை காட்டும் விழுக்காடு கிடைக்கும். கட்டை விரல் முழுவதும் போனால் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஆள்காட்டி விரலின் ஒரு கணு மட்டும் போனால் 9. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. ஒரே கையின் நான்கு விரல்களும் போனால் 50.

எடுத்துக்காட்டாக, 30 வயதுடைய ஒருவரின் கணக்குக்குரிய ஊதியம் ரூ.15,000 என்று கொள்வோம். 30 வயதுக்குரிய காரணி 207.98. ரூ.9,000ஐ 207.98ஆல் பெருக்கினால் ரூ.18,71,820. ஆள்காட்டி விரல் முழுவதையும் இழந்தவருக்கு இதில் 14 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ரூ.2,62,055. மோதிர விரலாயின் ஏறத்தாழ ரூ.1,31,027. கட்டை விரலாயின் ரூ.5,61,546. பதிவேட்டில் விரலின் பெயரும் மூட்டும் ஏன் தெளிவாக இருக்க வேண்டும் என்பது இப்போது விளங்கும். விரல் துண்டாகாமல் இருந்து, அதன் பயன்பாடு முழுமையாகவும் நிரந்தரமாகவும் போய்விட்டாலும் அது இழப்பாகவே கருதப்படும்.

விழுக்காடு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது. முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் அது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975இல் ஏற்றுக்கொண்டது. எனவே மதிப்பீட்டிற்கு வரும்போது, நீங்கள் எந்த வேலை செய்தவர், அதற்குக் கையின் எந்த அசைவு தேவை என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அட்டவணையில் இல்லாத காயங்களுக்குத் தகுதி பெற்ற மருத்துவரே வருவாய்த் திறன் இழப்பை மதிப்பிட்டுச் சான்றளிப்பார்.

தற்காலிகமாக வேலை செய்ய இயலாத காலத்திற்கு, அரை மாதத்திற்கு ஒருமுறை மாத ஊதியத்தின் 25 விழுக்காடு வழங்கப்பட வேண்டும். உண்மையான மருத்துவச் செலவு இழப்பீட்டிலிருந்து வேறானது. அதனை உரிமையாளர் தனியே ஈடுசெய்ய வேண்டும். ‘மருத்துவமனைக்குக் கட்டினேன், கணக்குத் தீர்ந்தது’ என்பது செல்லாது. இழப்பீட்டை உரிய நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் நிலுவையில் 50 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

கையொப்பமிடும் முன்

வெற்றுத் தாளில் கையொப்பமோ கைரேகையோ இடாதீர்கள். ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தாலும், சட்டம் தரும் இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. எனினும் அந்தத் தாள் வழக்கை நீட்டிக்கும். மரணம் நேர்ந்திருந்தால், இழப்பீடு உரிய அலுவலரிடம் செலுத்தப்பட்டு, அவர் மூலமே குடும்பத்தாருக்குப் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். துக்க வீட்டில் கையில் கொடுக்கும் பணம் இழப்பீடாகக் கொள்ளப்படாது.

சிகிச்சை முடிவதற்கு முன் நிரந்தரத் தீர்வுக்கு இசையவும் வேண்டாம். தசைநாண் தைத்த விரல் எவ்வளவு மடங்கும் என்பது சில மாதங்களுக்குப் பின்னரே தெரியும். அதே வேளையில், கோரிக்கை மனுவை விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். ஊதியச் சீட்டு இல்லாதோர், வங்கிக் கணக்கிலோ கைப்பேசி வழியாகவோ ஊதியம் வந்த விவரம், வருகைப் பதிவின் படம், உடன் பணிபுரிவோர் பெயர்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

வீடு திரும்பிய பின்

கையின் எதிர்காலம் அறுவை சிகிச்சை அரங்கில் பாதியும் இயன்முறை சிகிச்சையில் மீதியும் அமைகிறது. வலிக்கு அஞ்சி விரலை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். தைத்த தசைநாணை அளவுக்கு மீறி இழுத்தால் அறுந்துவிடும். எந்த நாளில் எவ்வளவு அசைப்பது என்பதை இயன்முறை சிகிச்சையாளர் சொல்வார். எண்ணெய் தேய்த்து நீவி விடுவோரிடம் செல்ல வேண்டாம். குளிர் காலத்தில் விரல் நுனி வலிப்பதும், இல்லாத விரலில் வலி தோன்றுவதும் உண்மையான அறிகுறிகள். கற்பனை என்று குடும்பத்தார் தள்ளிவிடக் கூடாது. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. செயற்கைக் கை பொருத்தச் சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தை அணுகலாம்.

தூக்கத்தில் திடுக்கிட்டு எழுதல், இயந்திர ஓசை கேட்டால் நடுங்குதல், கையை எப்போதும் துண்டால் மூடி வைத்தல், குடிக்கத் தொடங்குதல் ஆகியவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைக் காண வேண்டும். 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான ஊன விழுக்காடும், இழப்பீட்டிற்கான வருவாய்த் திறன் இழப்பு விழுக்காடும் வேறு வேறு. முன்னதில் குறைந்த எண் வந்தது என்பதற்காகப் பின்னதும் குறைய வேண்டியதில்லை. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பியுங்கள்.

யாரை அணுகுவது?

இழப்பீட்டு மனுவுக்கு, இழப்பீட்டு அலுவலராகச் செயல்படும் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகம். விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, நீங்கள் வழக்கமாக வசிக்கும் பகுதியிலும் மனுச் செய்யலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பணிபுரிபவர் தம் ஊர் திரும்பிய பின்னும் கோரலாம். இயந்திரத்தின் பாதுகாப்புக் குறைபாட்டைப் பற்றிய புகாருக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். இயந்திரத்தைக் கையாள்வதில் மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 289ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். முதல் தகவல் அறிக்கை பதிவானால் புகார்தாரருக்கு அதன் நகல் இலவசம். இ.எஸ்.ஐ. தொடர்பான ஐயங்களுக்கு 1800-11-2526.

வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லை என்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. தொழிலகத் தொழிலாளி, பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ, 15100 என்ற எண்ணிலோ அணுகலாம். செல்லும்போது விபத்துப் பதிவின் நகல், வெளியேறும் சுருக்கம், ஊதிய ஆதாரம் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.